பலகைச் சுவரின் கீழ்ப்பக்கம்

அவருடைய லொறியின் இடப்பக்கக் கதவு பூட்டுப்படாது. தும்புக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருப்பார். முதல்முதலாக அதில் ஏறிய அன்று, "ஒரு பூட்டுப் போட்டால் என்ன அண்ணை?" என்று கேட்டேன்.

"அது நான் தெரிஞ்சுதான் விட்டனான், மாஸ்டர். கதவு ஒழுங்காப் பூட்டினால் பக்கத்தில இருக்கிறவன் நித்திரை கொண்டிடுவான். கயிறெண்டால் விழுந்திடுவன் எண்ட பயத்தில முழிச்சிருந்து என்னோட கதைச்சுக்கொண்டு வருவான்."

ஹோர்னும் வேலை செய்யாது. அதற்கும் காரணம் இருந்தது. "ஹோர்ன் அடிச்சால் மாடு மிரளும், மனுசர் கோவிப்பினம். பேர் சொல்லிக் கூப்பிட்டால் விலகுவினம், சுகமே எண்டும் கேப்பினம்." அப்படித்தான் கேட்டார்கள். இவரும் லொறியை நிறுத்திவிட்டுப் பதில் சொல்வார். அதனால் அக்கராயனில் இருந்து காலையில் நெல்லேற்றிக்கொண்டு புறப்படுகிற லொறி கிளிநொச்சி மில்லுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் போய்ச் சேரும்.

ஒருமுறை பரந்தனுக்குப் போகவேண்டிய மாப்பிள்ளை வீட்டுக்காரரை ஏற்றிக்கொண்டு போனார். பின்னால் நின்று பாட்டும் சிரிப்புமாக வந்தவர்கள், உப்புக்காற்று அடித்த பிறகுதான் வெளியே எட்டிப் பார்த்தார்களாம். எதிரே பூநகரிக் கடல். பெண் வீட்டில் தோரணம் கட்டி, நாதஸ்வரக்காரரை இருத்திவைத்துக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். மாப்பிள்ளையின் தகப்பன் சால்வையை உதறிக்கொண்டு இறங்கிவந்து சத்தம் போட்டபோது இவர் அசையவே இல்லை. "கலியாணத்துக்கு முன்னம் ஆம்பிளை ஒருக்காக் கடலைப் பார்க்க வேணும், ஐயா. மனம் விரியும். அதுக்குத்தான் கொண்டந்தனான்." மாப்பிள்ளை மட்டும் இறங்கிப்போய்க் கடலைப் பார்த்தானாம். பிறகு முகூர்த்தம் தப்பாமல் எப்படியோ கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார் என்று சொன்னார்கள்.

மறந்துவிட்டேன், பிழைவிட்டுவிட்டேன், எனக்கு ஏலாது என்று அவர் சொல்லி அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை.

நான் அங்கே ஆசிரியராகப் போனது அறுபதுகளின் தொடக்கத்தில். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து காணி பெற்றுக் குடியேறியவர்கள் குளத்துத் தண்ணீரில் நெல் விதைத்துக்கொண்டிருந்த காலம். எல்லோருக்கும் மண் வீடுதான். வாடகைக்குக் கொடுக்க எவரிடமும் மிச்சமாக ஓர் அறை இருக்கவில்லை. லொறிக்காரரிடம் மட்டும் சீமெந்துத் தரையும் கல்லுச் சுவரும் தகரக் கூரையுமாக ஒரு பெரிய கராச் இருந்தது. லொறிக்கு அவ்வளவு பெரிய கராச்சைக் கட்டியவர் தனக்கு ஓர் ஓலைக் கொட்டில்தான் போட்டிருந்தார். மனைவி வடமராட்சியில். காடு, காய்ச்சல், யானை என்று சொல்லி வரமாட்டேன் என்றுவிட்டாராம். அதைப்பற்றி ஒரே ஒரு தடவை என்னிடம் சொன்னார். "அவாவை நான் தெரிஞ்சுதான் அங்க விட்டனான், மாஸ்டர். இஞ்ச வந்தால் அங்க வீட்டில ஆர் விளக்கு வைக்கிறது?"

நான் கலியாணம் செய்து மனைவியைக் கூட்டிவரப் போகிறேன் என்று தெரிந்ததும், கராச்சின் பாதியை மறித்து எங்களுக்கு அறையாக்கித் தருவதாகச் சொன்னார். கொழும்புப் பக்கம் லோட் போனபோது ஹாட்போட் பலகை கொண்டுவந்தார். மரத்தூளை அழுத்திச் செய்த, தடித்த மட்டை போன்ற பலகை. ஊரில் அதற்கு முன்னர் எவரும் அதைக் கண்டதில்லை. வந்தவர்களெல்லாம் தட்டிப் பார்த்தார்கள். நிலைக் கம்புகளை நட்டு, பலகைகளைத் தூக்கி நிறுத்தி, ஒரே நாளில் அடித்து முடித்தார்.

பலகையின் உயரம் கராச்சின் உயரத்துக்கு ஒரு சாண் குறைவு. அவர் மேலே கூரை மரத்தோடு ஒட்டவைத்து அடித்துவிட்டார். கீழே, தரைக்கும் பலகைக்கும் நடுவில், ஒரு சாண் வெளி சுவர் நீளத்துக்கும் கிடந்தது.

என் மனைவி வந்து இறங்கிய அன்றே அதைக் கண்டாள். அவளுடைய தகப்பன் கொக்குவிலில் பெயர்பெற்ற ஓடாவி. கதவில் ஒரு நூல் கோணல் இருந்தாலும் கண்டுபிடிக்கிற தச்சுவேலைக்காரர். மகளும் அந்தக் கண்ணோடு பிறந்தவள்.

"அண்ணை, கீழ எப்ப அடைப்பீங்கள்?"

"அது தெரிஞ்சுதான் விட்டனான், பிள்ளை. பலகை தரையில முட்டினால் ஈரம் ஏறும்."

"அதுக்கு ரெண்டு விரல் விட்டாக் காணும். இது ஆட்டுக்குட்டி வரும்."

"ஆட்டுக்குட்டி வராது" என்றார் அவர். அவர் சொன்னது சரிதான். ஆட்டுக்குட்டி தலையை மட்டும்தான் நீட்டியது. கோழி முழுதாக வந்தது. எங்கள் கட்டிலுக்குக் கீழே முட்டையிட்டுவிட்டு, வந்த வழியால் கொக்கரித்துக்கொண்டு போனது. மழைக்குத் தவளை வந்தது. லொறியில் இருந்து ஒழுகிய எண்ணெய் கோலம் போட்டதுபோல வளைந்து வந்து என் சப்பாத்துக்குக் கீழே தேங்கியது.

எல்லாவற்றிலும் மோசம், அவரே வந்தது. வந்தது என்றால் முழு ஆளாக அல்ல. லொறியின் அடிப்பாகத்தில் எந்நாளும் ஏதாவது திருத்தவேண்டி இருக்கும். சாக்கு விரித்து மல்லாந்து படுத்துக்கொண்டு லொறிக்கடியில் போய்விடுவார். அப்போது அவருடைய தலை சரியாக எங்கள் சுவரின் கீழ்வெளிக்கு நேரே இருக்கும். இது எங்களுக்கு முதலில் தெரியாது. வந்த கிழமையே எனக்கும் மனைவிக்கும் ஒரு வாக்குவாதம். தேங்காய்ப்பால் சொதி உறைப்பு என்று நான் சொல்லிவிட்டேன். அது அவளுடைய தாயின் கைப்பக்குவம் வரைக்கும் போய், நான் குரலை உயர்த்திய நேரத்தில் தரையில் இருந்து ஒரு குரல் வந்தது.

"மாஸ்டர், பிள்ளை சொல்லுறதுதான் சரி. சொதிக்கு அந்தளவு பச்சை மிளகாய் வேணும்."

குனிந்து பார்த்தோம். தரையோடு தரையாக ஒரு நெற்றி, எண்ணெய் பூசிய கன்னம், தலைகீழாக ஒரு பெரிய மீசை. என் மனைவி வீரிட்டுக்கொண்டு கட்டிலில் ஏறி நின்றாள்.

"பயப்படாதை பிள்ளை, நான்தான்" என்றது மீசை.

அன்றிலிருந்து அது வழக்கமாகிப் போனது. நாங்கள் தேத்தண்ணி குடித்தால், "சீனி இருக்கே?" என்று கீழே இருந்து கேட்பார். நான் பாடத்துக்கு ஆயத்தம் செய்து வாய்விட்டு வாசித்தால், "அந்த இடத்தை இன்னொருக்காச் சொல்லுங்கோ" என்பார். ஊர்க் கதை, வடமராட்சிக் கதை, லொறியின் வருத்தம், எல்லாம் அந்த ஒரு சாண் வெளியால் எங்கள் அறைக்குள் வந்தன. என் மனைவி பதில் சொல்லாமல் இருந்து பார்த்தாள். அவர் அதற்காக நிறுத்தவில்லை. ஒருநாள் நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது, அவள் தரையில் கால்நீட்டி இருந்து கீரை ஆய்ந்துகொண்டு, சுவரின் அடியைப் பார்த்து, "பிறகு அந்த யானை என்ன செய்ததண்ணை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் அடைக்கவேண்டும் என்பதில் அவள் மாறவில்லை. அவரும் அடைக்கமாட்டேன் என்று ஒருநாளும் சொன்னதில்லை. முதலில் சாக்குகளில் உமி நிரப்பி அடுக்கினார். உமிக்குள் எலி குடிவந்தது. "எலி இஞ்ச இருந்தால் நெல் மூட்டைப் பக்கம் போகாது" என்றார். பிறகு களிமண் குழைத்துப் பலகையின் அடியில் நீளத்துக்கும் அப்பினார். ஈரத்தைக் குடித்த பலகை இரண்டு நாளில் ஊதிப் பொருமி, பொரித்த அப்பளம் போல நெளிந்து, அப்பிய மண் முழுவதையும் எங்கள் பக்கம் உதிர்த்துவிட்டது.

என் மனைவி அவரைக் கூப்பிட்டு அதைக் காட்டினாள்.

அவர் ஊதிய பலகையைத் தடவிப் பார்த்தார். "முந்தியிலும் தடிப்பாய் வந்திருக்கு, பிள்ளை. தடிச்ச பலகைக்கு மற்றவை எவ்வளவு அலையுகினம்!"

நான் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். உள்ளே நின்று சிரிக்கிற நிலைமை இல்லை.

அவள் அப்போது மாதமாக இருந்தாள். மாரி மழை தொடங்கிவிட்டது. முதற்பிள்ளை என்றபடியால் பேறுக்குத் தாய்வீட்டுக்குப் போவதென்றும், வருகிற வெள்ளிக்கிழமை நான் கொண்டுபோய் விடுவதென்றும் பேசி வைத்திருந்தோம். அந்த நாட்களில் ஒரு மத்தியானம் சாரைப்பாம்பு ஒன்று எலியைத் துரத்திக்கொண்டு கீழ்வெளியால் உள்ளே வந்துவிட்டது. கடியாத பாம்புதான். ஆனால் அவள் பாயில் சரிந்து படுத்திருந்தாள். அது அவளுடைய காலடியால் ஓடியது. அவள் கத்தவில்லை. நான் வந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "இந்தச் சுவரை இப்பிடியே வைச்சிருந்தால் நான் பிள்ளையோட திரும்பி வரமாட்டன். இதை அவரிட்டையே சொல்லுங்கோ."

சொல்லத் தேவையிருக்கவில்லை. லொறிக்கடியில் நட்டு முறுக்கும் சாவி தட்டுகிற சத்தம் நின்றுபோயிருந்தது.

அடுத்தநாள் அவர் லோட் ஏற்றப் போகவில்லை. இரண்டு பக்கமும் பலகை வைத்து அடித்து, நடுவில் தேங்காய்த் தும்பைத் திணித்து இடித்து இறுக்கி, மேலே சுண்ணாம்புச் சாந்து பூசினார். சுவரின் அடி ஒரு கோட்டை மதில் மாதிரித் தடித்துவிட்டது. அழகில்லை, ஆனால் ஓர் எறும்புக்கும் வழியில்லை. "இனிக் காத்தும் வராது, பிள்ளை" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவினார். அன்று பின்னேரம் அவருடைய குரல் எங்களுக்குக் கேட்கவில்லை. எங்களுடையதும் அவருக்குக் கேட்டிருக்காது.

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மனைவி சொன்னதும், முன்வீட்டு அக்கா சொன்னதும், அவர் சொல்லாமல் விட்டதும் சேர்ந்ததுதான் இது.

நான் பள்ளிக்கூடத்தில். காலை தொடங்கிய மழை விடவே இல்லை. நாள் இன்னும் கிடக்கிறது என்று நாங்கள் எண்ணியிருக்க, அவளுக்கு நோவு வந்துவிட்டது. வந்த வேகத்தில் தரையில் இருந்துவிட்டாள். கதவு அறையின் மறுகோடியில், எழும்பிப் போக முடியவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் லொறிக்கடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தார். "அண்ணை!" என்று கூப்பிட்டாள். தகரத்தில் மழை. தும்பும் சாந்தும் பலகையுமாக அடைத்த சுவர். தட்டினாள். சாந்துக் கட்டு சத்தமே எழுப்பவில்லை.

மழைக்காக உள்ளே கொண்டுவந்து வைத்த உலக்கை மூலையில் சாத்தியிருந்தது. தவழ்ந்து போய் அதை எடுத்தாள். கட்டுக்குச் சற்று மேலே, முன்னர் ஊதிப்போன இடம் பார்த்து, இருந்தபடியே ஓங்கி ஓர் இடி. இன்னுமோர் இடி. உலக்கையின் பூண் பலகையைக் கிழித்துக்கொண்டு மறுபக்கம் போய் அவருடைய காதடியில் நின்றது.

"ஆரது? சாந்து இன்னும் காயேல்லை!" என்றுதான் முதலில் கத்தினாராம்.

பிறகு ஓட்டையால் அவளுடைய குரலைக் கேட்டார்.

பள்ளிக்கூட வாசலில் ஒரு மனிதர் என் பெயரைச் சொல்லி அலறுகிற சத்தம் கேட்டு நான் ஓடினேன். லொறி நின்றது. முன் ஆசனத்தில் என் மனைவி. முன்வீட்டு அக்கா அவளைத் தாங்கிப் பிடித்திருந்தா. மற்ற நாட்களில் கம்பி போட்டுச் சுழற்றிச் சுழற்றி, திட்டித் தீர்த்த பிறகே உயிர் வருகிற லொறி, அன்று ஒரே சுழற்றில் வந்துவிட்டதாம். கதவுக் கயிற்றை அக்கா கையில் சுற்றிப் பிடித்திருந்தா. நான் பின்னால் ஏறித் தொங்கிக்கொண்டேன்.

வழியில் வாய்க்கால் பெருகித் தெருவை மூடியிருந்தது. எது தெரு, எது பள்ளம் என்று தெரியவில்லை. எல்லாம் ஒரே மண்ணிறத் தண்ணீர். லொறியை நிறுத்தினார்.

"மாஸ்டர், இறங்கி முன்னால நடவுங்கோ. உங்கட காலுக்குக் கல் பட்டால் நான் வருவன். சேறு பட்டால் கையைத் தூக்குங்கோ."

சப்பாத்தைக் கழற்றிவிட்டு இறங்கினேன். முழங்காலுக்கு மேலே தண்ணீர். நான் காலால் தெருவைத் தடவித் தடவிப் போக, லொறி ஒரு வயதுபோன எருமை மாதிரி என் முதுகுக்குப் பின்னால் மூச்சுவிட்டுக்கொண்டு வந்தது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே இருந்து என் மனைவியின் குரல் கேட்டது. ஓரிடத்தில் கால் சறுக்கி இடுப்பளவில் விழுந்து கையைத் தூக்கினேன். "கண்டனான், கண்டனான்! வலப்பக்கம் வாங்கோ!" என்று கத்தினார். அவ்வளவு தூரத்திலும் அன்று அவர் வேறு ஒரு கதையும் கதைக்கவில்லை.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அவளை உள்ளே கொண்டு போனார்கள். மருத்துவிச்சி அம்மா வெளியே வந்து எங்கள் இருவரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தா. ஒருவர் முழுக்கச் சேறு. மற்றவர் முழுக்க எண்ணெய்.

"இவ்வளவு பிந்தி, உந்த லொறியில போட்டுக் குலுக்கிக்கொண்டு வந்திருக்கிறியள். பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லையோ? என்ன செய்துகொண்டிருந்தனீங்கள்?"

நான் அவரைப் பார்த்தேன். ஏதாவது சொல்வார், சொல்லவேண்டும் என்றுகூட இருந்தது எனக்கு. லொறியில் குலுங்குவது பிள்ளைக்கு நல்லது என்றாவது சொல்வார் என்று நினைத்தேன். அவர் வாயைத் திறந்தார். மீசையில் இருந்து தண்ணீர் சொட்டியது.

"பக்கத்திலதான் இருந்தனான், அம்மா. பிள்ளை கூப்பிட்டது எனக்குக் கேக்கேல்லை. நான் அடைச்சுப் போட்டன்."

மருத்துவிச்சி அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "சரி, அந்த வாங்கில இருங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போனா.

அவர் அந்த நீள மர வாங்கில் உட்காரவில்லை. தரை ஊத்தையாகிவிடும் என்று வெளியே தாழ்வாரத்தில் நின்றார். நான் தேத்தண்ணி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். குடிக்காமல் கையில் வைத்திருந்தார். மழை விட்டு, வெயில் இலேசாகத் தெரியத் தொடங்கிய நேரத்தில் உள்ளே பிள்ளை அழுதது. சின்னப் பிள்ளைதான், ஆனால் கட்டடம் முழுக்கக் கேட்கிற குரல். பெண். அவர் தேத்தண்ணியைக் கீழே வைத்துவிட்டு, லொறியடிக்குப் போய், முகத்தை ரேடியேட்டர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு வெகுநேரம் எதையோ துடைத்தார்.

மனைவியும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் இருந்து நேரே கொக்குவிலுக்குப் போனார்கள். துடக்குக் கழித்து, பிள்ளைக்கு முகம் பார்க்கத் தெரிந்த பிறகுதான் அவளைக் கூட்டிவந்தேன். அதுவரைக்கும் உலக்கை போன ஓட்டை அப்படியே கிடந்தது. நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். "பிள்ளை வரட்டும்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

வந்த மறுநாள் என் மனைவி ஒரு கதிரையைச் சுவருக்கு முன்னால் போட்டு, பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். அவர் வாளும் சுத்தியலுமாக வந்தார்.

"முதல்ல அந்தச் சாந்துக் கட்டை உடையுங்கோ, அண்ணை."

உடைத்தார். தும்பும் சாந்தும் சாக்குக்கணக்கில் போனது.

"இனி நூல் பிடிச்சு, ஊதின பலகை முழுக்கத்தையும் ஒரே நேரில வெட்டி எடுங்கோ."

"பிள்ளை, அது நான்…"

"வெட்டுங்கோ, அண்ணை."

வெட்டினார். நாளெல்லாம் அவள் சொல்லச் சொல்ல அவர் செய்தார். வெட்டின இடத்தை மூட முதிரை மரப் பலகை ஒன்றை உயரத்துக்கு அளந்து இழைத்து, கறையான் ஏறாமல் அதன் முதுகில் தார் பூசி, தரையில் இருந்து இரண்டு விரல் உயர்த்தி வைத்தார். மட்டைப் பலகையில் ஆணி அடிக்கப் போனபோது, "அதில பிடிக்காது, நிலைக் கம்பில அடியுங்கோ" என்றாள். கம்பில் அடித்தார். மூன்று தடவை ஏதோ காரணம் சொல்ல வாயெடுத்தார். மூன்று தடவையும் அவள் பிள்ளையின் தலைக்கு மேலால் ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஆணியைப் பல்லில் கடித்துக்கொண்டார்.

பொழுது சாய்ந்தபோது சுவர் முடிந்தது. தரையோடு ஒரே நேரில் ஓடுகிற பலகை. கோணல் இல்லை. அவர் எழும்பி நின்று அதைப் பார்த்தார். எங்களையும் பார்த்தார். சுத்தியலைத் தோளில் போட்டுக்கொண்டு சுற்றிக்கொண்டு தன் பக்கம் போய்விட்டார்.

சாக்கு விரிக்கிற சத்தம் மங்கலாகக் கேட்டது. லொறிக்கடியில் போய்ப் படுத்துவிட்டார் என்று விளங்கியது. ஆனால் சாவி தட்டுகிற சத்தம் வரவில்லை. என் மனைவி பிள்ளையை ஏணையில் போட்டு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கொப்பிகளைத் திருத்தத் தொடங்கினேன். அறை ஒழுங்காக இருந்தது. கோழி இல்லை, எண்ணெய் இல்லை, ஒரு பேச்சும் இல்லை.

கொஞ்ச நேரத்தால் புதுப் பலகையின் அடியில் மெதுவாக ஒரு தட்டு.

"பிள்ளை, நான் கதைக்கிறது கேக்குதே?"

என் மனைவி ஏணையை விட்டுவிட்டு வந்து, சுவரடியில் தரையில் இருந்து, பலகையோடு காதை வைத்தாள்.

"கேக்குதண்ணை. ஏன்?"

அந்தப் பக்கம் சாவி ஒருமுறை நட்டில் தட்டியது.

"ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றார். "சும்மாதான் கேட்டனான்."